தண்டலும் தண்டனையும்

திருவண்ணாமலை தேரடி வீதிப் பக்கம் அரைநாள் நின்றால் போதும், ஒரே சொல்லைப் பல உருவங்களில் கேட்டுவிடலாம். பூக்கடை அம்மாள் மாலையில் வரும் தண்டல்காரருக்கு அன்றைய தவணையை எண்ணி முந்தானையில் முடிந்து வைக்கிறார். கொடிமரத்தடியில் ஒருவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து தண்டனிடுகிறார். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர் ஆட்டோவுக்குக் கொடுத்ததை நினைத்து, 'இருநூறு ரூபாய் தண்டம்' என்கிறார். வேலைக்குப் போகாத மகனுக்கு வீட்டில் தண்டச்சோறு என்று பெயர். வழக்குக்காக வந்தவர், தண்டனை எவ்வளவு இருக்கும் என்று வக்கீல் குமாஸ்தாவிடம் தணிந்த குரலில் விசாரிக்கிறார். முருகனுக்குத் தண்டாயுதபாணி என்று ஒரு திருநாமம். கிரிவலப் பாதையின் தென்திசையில் எமலிங்கம் இருக்கிறது. எமனுக்கு வழங்கும் பெயர்களில் தண்டதரன் ஒன்று, தண்டத்தைத் தாங்கியவன்.

இவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் கிடப்பது ஒரு தடி. வடமொழியில் தண்டம் என்றால் முதற்பொருள் கோல், கம்பு. மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'தெந்த்ரோன்' என்பதோடு அதை உறவுபடுத்துவோர் உண்டு. வாழைத்தண்டு, கீரைத்தண்டு என்று நம் அடுப்படியில் புழங்கும் தண்டிலிருந்தே வடமொழி எடுத்துக்கொண்டது என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதத்தை அறிஞர்களுக்கு விட்டுவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது, தமிழ்நாட்டுக்குள் இந்தச் சொல் யாரோடு சேர்ந்து வாழ்ந்தது என்பதுதான்.

தமிழில் 'தண்டுதல்' என்று ஒரு வினை இருக்கிறது. வரி தண்டுதல், கடன் தண்டுதல் என்றால் கேட்டு வாங்குதல், வசூலித்தல். தண்டல் அதன் பிள்ளை. வீட்டு வரி வாங்க வரும் நகராட்சி ஊழியரின் பதவிப் பெயர் இன்றும் வரித்தண்டலர்தான். தனித்தமிழில் எழுதியோர் சிலர் கலெக்டரையே தண்டலர் என்று பெயர்த்தார்கள். 'தண்டித்தல்' வேறு வினை, தடியிலிருந்து வந்தது. தண்டினான் என்றால் வசூலித்தான், தண்டித்தான் என்றால் ஒறுத்தான். ஒலியில் மயிரிழை இடைவெளிதான். இந்த இரண்டு வினைகளும் நம் வரலாற்றில் நெடுங்காலம் ஒரே வீட்டில் குடியிருந்தன. வரி வாங்கிய ஆளே தண்டிக்கவும் செய்தான். பிரிட்டிஷ் ஆட்சி முதலில் அந்தக் குடித்தனத்தை இறுக்கிக் கட்டியது, தன் மானம் போன பிறகு பாதி பிரித்து வைத்தது. மீதிப் பாதி இன்னும் பிரியவில்லை.

தமிழ் இந்த வேலைக்குத் தண்டத்தை நம்பி இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வள்ளுவர் அரசன் செய்யும் தண்டனைக்கு ஆளும் சொல் ஒறுத்தல். ஆட்சியைக் குறிக்க அவரிடம் கோல் இருந்தது: நேராக நின்றால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். வடக்கிலும் ஆட்சிக்கலைக்குத் தண்டநீதி என்றே பெயர். மனு நூல் தண்டத்தை நான்காகப் பிரிக்கிறது: வாயால் கண்டித்தல், இழித்துரைத்தல், பொருள் பறித்தல், உடலை வருத்துதல். இரு மரபும் கையில் பிடித்த கம்பையே அரசாகக் கண்டவை. காலப்போக்கில் கோல் என்ற தமிழ்ச் சொல் அரியணைப் பக்கம் நின்றுவிட்டது. அடிவாங்குகிறவன் பக்கத்து வேலை தண்டத்துக்கு வந்து சேர்ந்தது.

கோயில் சுவர்களுக்கு வருவோம். அண்ணாமலையார் கோயிலின் கல்வெட்டுகள் சோழர் காலம் தொடங்கி விஜயநகரம் கடந்தும் நீள்கின்றன. அந்தக் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளில் தண்டம் பெரும்பாலும் பணமாகவே வருகிறது. இன்ன குற்றத்துக்கு இத்தனை கழஞ்சு பொன், இத்தனை காணம் என்று. சோழர் கால வருவாய்ப் பட்டியல்களில் 'மன்றுபாடு' என்றொரு இனம் உண்டு. ஊர்மன்றத்தில் விதித்த குற்றப்பணம் அது. நிலவரி, தறி இறை, செக்கு இறை ஆகியவற்றோடு அதுவும் ஒரு வரவாக எழுதப்பட்டிருக்கும். ஒரு நிலத்தைக் கோயிலுக்குத் தேவதானமாக விட்ட மன்னன் இத்தகைய வரவுகளையும் சேர்த்தே விட்டான். ஆக ஊரார் செய்யும் குற்றம் கோயிலுக்கு வருமானம். வெள்ளைக்காரன் வருமுன்பே தண்டலும் தண்டனையும் ஒரே கணக்கோலையில் அடுத்தடுத்த வரிகளில் இருந்திருக்கின்றன.

ஆனால் அந்தக் கணக்கில் நெஞ்சைத் தொடும் பக்கம் ஒன்று உண்டு. வேட்டையில் விலங்கென்று எய்த அம்பு ஆள்மேல் பட்டு ஒருவன் இறந்துபோனால், நாட்டாரும் ஊராரும் கூடி, கொல்லும் எண்ணம் இருந்ததா என்று பார்த்தார்கள். இல்லை என்று கண்டால், செய்தவன் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு வைக்க வேண்டும். அதற்கு 96 ஆடுகள் விட வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்பது அவற்றின் பெயர். கிழடாவதை மாற்றி, செத்ததை ஈடுசெய்து, மந்தை எண்ணிக்கை குறையாமல் இடையர் காக்க வேண்டும். விளக்குக்கு நெய் நிற்கக் கூடாது. இத்தகைய கல்வெட்டுகள் தொண்டைமண்டலத்திலும் நடுநாட்டிலும் பல கோயில்களில் உள்ளன. செத்தவன் பெயரில் விளக்கு எரியும். செய்தவனும் ஊரிலேயே இருந்து அதைப் பார்த்துக்கொண்டு வாழ்வான். இதைப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை, கூடித் தீர்ப்புச் சொன்ன அவையில் யார் யார் உட்கார முடிந்தது என்று நமக்குத் தெரியும். என்றாலும் அரசனின் கோபத்தைவிட இறந்தவனின் நினைவு அந்தத் தண்டனையில் பெரிதாக இருந்தது.

தண்டத்துக்குப் படை என்றொரு பொருளும் உண்டு. தண்டு எடுத்தல் என்றால் படையெடுத்தல். படைத் தலைவன் தண்டநாயகன். 14ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையில் வந்து தங்கியபோது இத்தகைய தண்டநாயகர்கள் இந்த வீதிகளில் நடந்திருப்பார்கள். 1342இல் மதுரை சுல்தானோடு நடந்த போரில் அவன் பிடிபட்டு மாண்டான். பிள்ளையில்லாத அவனுக்கு அண்ணாமலையாரே மகனாக இருந்து மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கிறார் என்பது இந்த ஊர் விடாமல் காத்துவரும் நம்பிக்கை. கன்னடத்தில் தண்டு இன்னும் படையிருப்புதான். பெங்களூரின் கண்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்குக் கன்னடர் வைத்த பெயர் தண்டு. மலையாளிக்கு நிலவரிப் பதிவில் தண்டப்பேர் என்று ஒரு எண் உண்டு. தெலுங்கில் 'தண்டுக' என்றால் அபராதம். வீண் செலவு என்றும் பொருள். தண்டோரா மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது வடக்கே வழங்கும் வேறொரு சொல். ஒலி ஒத்திருப்பதால் உறவுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

தெலுங்கில் நடந்தது தமிழிலும் நடந்திருக்கிறது. அபராதம் கட்டிய பணத்துக்குக் கைமாறாக ஒன்றும் வராது. நெல் வராது, துணி வராது, புண்ணியம்கூட வராது. மனமில்லாமல் கொடுப்பதைத் 'தண்டம் அழுதேன்' என்கிறோம்; கண்ணீரும் காசும் சேர்ந்து போவதால் அழுதல் என்றே வினை வந்து சேர்ந்தது. அப்படியே எந்த வீண் செலவும் தண்டமாயிற்று, பிறகு பயனில்லாத ஆளும் தண்டமானான். ஒரு மக்கள் கூட்டம் அரசின் தண்டனையை எப்படி அனுபவித்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை. தண்டனை பெற்றதால் நியாயம் நிலைத்தது என்ற எண்ணம் மக்களுக்கு ஏற்பட்டிருந்தால், அந்தச் சொல் 'வீண்' என்ற பொருளுக்கு வந்து நின்றிருக்காது. தண்டம் வீணாகிவிட்டதால் குற்றப்பணத்துக்கு வேறு சொல் தேவைப்பட்டது போலும், அபராதம் வந்தது. வடமொழியில் அபராதம் என்றால் குற்றம். அபராதி குற்றவாளி. தமிழில் குற்றத்தின் பெயர் குற்றத்தின் விலைக்கு ஆகிவிட்டது.

1801இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகப் பகுதி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. திருவண்ணாமலை தென்னாற்காடு மாவட்டத்தில் சேர்ந்தது, தலைமையிடம் கடலூர். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்த சீரமைப்பை ஒட்டித்தான் இந்த ஊர் வட ஆற்காட்டுக்கு, அதாவது வேலூருக்கு, மாறியது. நவாபின் கச்சேரி மொழி கம்பெனிக் கச்சேரியிலும் தொடர்ந்தது. முன்சீப், அமீனா, வக்கீல், ஜாமீன், ஜப்தி, கைதி எல்லாம் அரபு, பாரசீக வழி வந்தவை. குற்ற வழக்குகளில் அன்று கம்பெனி நீதிமன்றங்கள் நடத்தியது, கம்பெனி தன் வசதிக்குத் திருத்திக்கொண்ட இஸ்லாமியக் குற்றச் சட்டம். சென்னையில் இருந்த பௌஜ்தாரி அதாலத் என்ற குற்றவியல் நீதிமன்றத்தில் முஸ்லிம் சட்ட அதிகாரிகள் கருத்துச் சொல்ல, ஆங்கிலேய நீதிபதிகள் தீர்ப்பு எழுதினார்கள். சைவத் திருத்தலத்தில் நடந்த கொலைக்கும் அதே வழிதான்.

இந்தச் சொற்களில் வாய்தாவை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். அரபியில் அதன் மூலம் வாக்குறுதி. தமிழில் அது நிலவரித் தவணைக்கும் பெயராயிற்று, வழக்குத் தள்ளிப்போடும் நாளுக்கும் பெயராயிற்று. குடியானவன் வாய்தா கட்டப் போன கச்சேரியும் வாய்தாவுக்கு நின்ற கச்சேரியும் ஒரே கட்டடம்.

அது தற்செயல் இல்லை. 1802இல் வங்காளத்து காரன்வாலிஸ் முறை சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, வரிக்குக் கலெக்டர் என்றும் குற்ற விசாரணைக்கும் போலீசுக்கும் ஜில்லா நீதிபதி என்றும் தனித்தனியாகப் பிரித்திருந்தார்கள். தாமஸ் மன்றோ அதை ஏற்கவில்லை. நமக்கு மேற்கே, செங்கம் கணவாய்க்கு அப்பால் பாராமகாலில் 1792 முதல் 1799 வரை வரி வசூலில் பழகியவர் அவர். நீதிபதிகள் எண்ணிக்கையில் குறைவு, எட்டாத தொலைவில் இருக்கிறார்கள், ஊர் நிலவரம் அறியாதவர்கள். குடிகளை அறிந்தவன் கலெக்டர்தான் என்பது அவர் எண்ணம். அவர் தலைமையில் அமைந்த நீதித்துறை ஆணையத்தின் விளைவாக 1816இல் புதிய விதிகள் வந்தன. மாஜிஸ்திரேட் அதிகாரமும் போலீசும் கலெக்டருக்குப் போயின. கலெக்டருக்குக் கீழே தாசில்தார், தாசில்தாருக்குக் கீழே மணியக்காரர். ஒவ்வொரு படியிலும் ஒரு கையில் வரிக்கணக்கு, மறு கையில் கம்பு. தண்டுகிறவனே தண்டிக்கிறவன் என்பது சட்டமாயிற்று.

1816ஆம் ஆண்டின் 11ஆவது ஒழுங்குவிதியில் ஒரு பிரிவு இருக்கிறது. சிறு வசவு, சிறு அடிதடி போன்றவற்றுக்குக் கிராமத் தலைவரே தண்டிக்கலாம். பொதுவாக ஊர்ச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். செய்தவர் தாழ்ந்த சாதியார் என்றால், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். தொழுமரம் என்பது துளையிட்ட இரு கட்டைகளுக்கு இடையில் காலைப் பூட்டி வெட்டவெளியில் உட்கார வைப்பது. அப்படிப்பட்ட இழிவான தண்டனை அவர்களுக்குத் தகாததாக இருக்காது என்ற கருத்தில் விதி எழுதப்பட்டிருக்கிறது. சாதிக்கொரு தண்டனை என்பதை மனுவிடமிருந்து மட்டும் நாம் பெற்றதாகப் பேசுவது வழக்கம். இங்கே அதை அச்சிட்டு, எண் போட்டு, அரசாணையாக ஊர் ஊராக அனுப்பியது லண்டனில் பங்கு விற்ற ஒரு கம்பெனி. இந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. தன் ஊர்ப் பிள்ளைகள் பார்க்க அரைப் பகல் தொழுவில் இருந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கம்பும் கணக்கும் ஒரே கையில் இருந்ததன் பலன் சுமார் நாற்பது ஆண்டில் வெளியே வந்தது. 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சென்னை மாகாண வரி வசூலில் சித்திரவதை நடப்பதாகக் கேள்வி எழுந்தது. அரசு எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்டு விசாரணைக் குழு அமைத்தது. மாகாணம் முழுவதிலுமிருந்து 1,900க்கும் மேற்பட்டோர் நேரிலும் எழுத்திலும் முறையிட்டார்கள். ரயில் இல்லாத காலம். முறையிட்டால் ஊருக்குத் திரும்பி அதே தாசில்தாரின் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அப்படியும் வந்தார்கள். 1855இல் வெளியான அறிக்கை, சித்திரவதை நடக்கிறது, வரிக்காகவும் நடக்கிறது, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது. அதன் ஆங்கிலப் பக்கங்களில் இரண்டு தமிழ்ச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று கிட்டி: இரு கட்டைகளுக்கு நடுவே கைவிரலையோ காலையோ வைத்து நெருக்குவது. மற்றொன்று அண்ணாந்தாள்: கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, நிமிர முடியாதபடி குனிய வைத்து வெயிலில் நிறுத்துவது. ஆங்கிலத்தில் பெயரில்லாததால் இரண்டும் நம் மொழியிலேயே நாடாளுமன்றம் போய்ச் சேர்ந்தன. கார்ல் மார்க்ஸ் 1857இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை எடுத்துக்காட்டி எழுதினார்.

குழு பழியைப் பெரும்பாலும் உள்ளூர்ச் சேவகர்கள்மேல் போட்டது. வெள்ளை அதிகாரிகள் அறியாமல் நடந்தது என்றது. கிஸ்தி என்ற வரித் தவணை குறையாமல் வர வேண்டும் என்று மேலிருந்து நெருக்கியவர்களுக்கு அது எப்படி வந்தது என்று தெரியாது என்பதை நான் நம்பவில்லை. ஆனால் அறிக்கை ஒரு வேலை செய்தது. வரி ஊழியனும் போலீசும் ஒருவராக இருக்கும்வரை இது தீராது என்பதை அரசால் மறுக்க முடியவில்லை. 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம் சென்னை மாவட்டப் போலீசைத் தனிப் படையாக்கியது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவர்.

உடனே பின்னால் மற்றவை வந்தன. 1834இல் அமைந்த மெக்காலேயின் சட்ட ஆணையம் 1837இலேயே எழுதி வைத்திருந்த தண்டனைச் சட்ட வரைவு, சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஜான் மெக்லியாடும் உறுப்பினராக இருந்து உருவாக்கியது, இருபது ஆண்டுகளுக்கு மேல் தூங்கி எழுந்து 1860இல் 45ஆவது சட்டமாயிற்று. 1862 ஜனவரி 1 முதல் நடைமுறை. 511 பிரிவுகள். 1861இல் குற்ற விசாரணை முறைச் சட்டம். 1862 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம். பௌஜ்தாரி அதாலத்து மறைந்தது. ஒரு குற்றம் சட்டத்தில் பிறந்து, காவல் நிலையத்தில் எழுதப்பட்டு, மாஜிஸ்திரேட்டிடம் நடந்து, செஷன்ஸ் ஏறி, உயர் நீதிமன்றம் சென்று, சிறையில் முடியும் இன்றைய பாதை முழுவதும் அந்த நான்கைந்து ஆண்டுகளில் போடப்பட்டது. அந்தச் சட்டங்களை இயற்றிய கல்கத்தா சட்டமன்றத்தில் அன்று ஓர் இந்தியர்கூட உறுப்பினராக இல்லை. இங்கிலாந்துக்கு இப்படித் தொகுத்த தண்டனைச் சட்டம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தன் நாட்டில் செய்ய முடியாததை ஆட்சிக்கு உட்பட்ட நாட்டில் செய்து பார்த்தார்கள்.

நியாயமாகச் சொன்னால், அந்தச் சட்டத்தின் வாசகம் தொழுமரத்து விதியைவிட உயர்ந்தது. அதில் ஆளுக்கொரு சாதித் தண்டனை இல்லை. 'எவரொருவர்' என்றே பிரிவுகள் தொடங்குகின்றன. 1872இன் சாட்சியச் சட்டம், போலீஸ்காரரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் வழக்கில் செல்லாது என்று எழுதிவைத்தது. கிட்டியின் தழும்பு அந்தப் பிரிவில் இருக்கிறது. அதே காலத்தில் வெள்ளையரை இந்திய மாஜிஸ்திரேட் விசாரிக்கலாமா என்று 1883இல் எழுந்த இல்பர்ட் மசோதாக் கலவரம், 'எவரொருவர்' என்பதற்கு எல்லை எங்கே என்று காட்டிவிட்டது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம், ஒருவர் குற்றம் செய்யும் முன்பே பிறப்பை வைத்தே பதிவேட்டில் ஏற்றியது.

இந்தச் சட்டம் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரை வந்த உயர்நிலைத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். தமிழில் முதல் நாவல் எழுதியவர் என்று மட்டும் அவரை நினைவு வைத்திருக்கிறோம். தன்னைத் தண்டிக்கும் சட்டம் என்ன சொல்கிறது என்று குடியானவன் தன் மொழியில் அறிய வேண்டும் என்று நினைத்தவர் என்றும் நினைக்க வேண்டும்.

புதிய பாதை திருவண்ணாமலையில் எப்படி ஓடியது என்பதற்கு ஊரறிந்த ஒரு வழக்கு உண்டு. 1924 ஜூன் 26 இரவு, மலையடிவாரத்தில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். ரமணர் அவர்களைத் தடுக்கவில்லை; வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் தொடையில் தடியடி விழுந்தது. கிடைத்தது சாமிக்குச் சார்த்தும் சில வெள்ளித் தகடுகள், கொஞ்சம் அரிசி, மாம்பழம், ஆறு ரூபாய். தமக்கும் பூசை கிடைத்தது என்று பின்னர் அவர் சொன்னார். பூசை என்றால் வழிபாடு, பூசை என்றால் உதை; இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தமிழால் முடியும். சீடர் ஒருவர் ஊருக்குள் ஓடிப் போலீசை அழைத்துவந்தார். தம்மேல் விழுந்த அடியை ரமணர் அவர்களிடம் எடுத்துச் சொல்லவில்லை.

ஆனால் வழக்கு நின்றுவிடவில்லை. சில நாளில் பொருள்கள் மீட்கப்பட்டன. திருடர்கள் பிடிபட்டுச் சிறைத்தண்டனை பெற்றார்கள். இதுதான் பிரிட்டிஷ் முறையின் உயிர்நிலை. அடிபட்டவர் மன்னித்தாலும் வழக்கு அவருடையது அல்ல. இரவில் கன்னமிடுவதும், காயப்படுத்திக் கொள்ளையிடுவதும் சக்கரவர்த்தியின் அமைதிக்கு எதிரான குற்றங்கள். வழக்குத் தலைப்பிலேயே சக்கரவர்த்தி ஒரு பக்கம், குற்றவாளி மறுபக்கம். அடிபட்டவர் சாட்சி மட்டும்தான். விளக்கு வைத்த காலத்தில் இறந்தவனின் பெயர் தண்டனைக்குள்ளேயே இருந்தது. இந்தப் பாதையில் அது சாட்சிப் பட்டியலுக்கு இறங்கிவிட்டது. வேண்டியவர் வேண்டாதவர் பார்த்து வழக்கை மூடிவிடும் ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து எளியவரைக் காப்பாற்றியதும் இதே விதிதான் என்பதால், இதை எளிதில் குறை சொல்லவும் முடியவில்லை.

தடி சட்டத்தை விட்டு நேரடியாக வெளியேறிய ஆண்டு 1955. 1864 முதல் இருந்த கசையடிச் சட்டம் அந்த ஆண்டு ஒழிக்கப்பட்டது. தீவாந்தரம் என்று நம் தாத்தாக்கள் அஞ்சிய நாடுகடத்தலும் அதே ஆண்டின் திருத்தச் சட்டத்தால் ஆயுள் தண்டனையாக மாறியது. தாசில்தாரும் ஆர்.டி.ஓ.வும் குற்ற வழக்கு விசாரிப்பது, 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விசாரணை முறைச் சட்டத்தால் நாடு முழுவதும் நின்றது. தண்டனை விதிக்கும் மாஜிஸ்திரேட்டுகள் உயர் நீதிமன்றத்தின்கீழ் போனார்கள். என்றாலும் மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற பதவி கலெக்டரிடமே இருக்கிறது. 1989 செப்டம்பர் 30இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானதிலிருந்து இங்கே கலெக்டர் நாற்காலியில் அமர்ந்த ஒவ்வொருவரும் இரண்டு பெயரையும் சுமந்தவர்களே. தடையுத்தரவு போடுவதும், அமைதிக்கு நன்னடத்தைப் பிணை கேட்கும் அதிகாரிகளுக்கு மேலே இருப்பதும் அந்த இரண்டாவது பெயரின் வேலை. ஜமாபந்தி என்ற ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கை முதல் பெயரின் வேலை.

2024 ஜூலை 1 முதல் 1860இன் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. இந்தியில் முந்தைய சட்டத்துக்குத் தண்ட சம்ஹிதா என்று பெயர். தண்டத்தை எடுத்துவிட்டு நியாயத்தை வைத்ததே காலனியாட்சி மனப்போக்கிலிருந்து விடுதலை என்று நாடாளுமன்றத்தில் விளக்கம் தரப்பட்டது. 511 பிரிவுகள் 358 ஆயின. தமிழ்நாட்டு வக்கீல்கள் இந்தப் பெயரை எதிர்த்துத் தெருவில் நின்றார்கள்; எந்த மொழியில் சட்டம் தன்னை அழைத்துக்கொள்கிறது என்பது இங்கே சிறு விஷயம் இல்லை. எனக்கு அதைவிட உறுத்துவது, பெயரில் போன தண்டம் உள்ளே அப்படியே இருப்பது. தூக்கு, ஆயுள், கடுங்காவல், சொத்துப் பறிமுதல், அபராதம் என்ற வரிசை மெக்காலே காலத்து வரிசையின் வாரிசு. புதிதாகச் சேர்ந்தது சமூக சேவை ஒன்று. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை செய்தவருக்கு முன்பு 24 மணி நேரம் வரை சிறை அல்லது 10 ரூபாய் வரை அபராதம். இப்போது அந்தச் சிறை அப்படியே இருக்க, அபராதம் 1,000 ரூபாய் வரை ஆயிற்று, அல்லது சமூக சேவை. முதல் முறையாக 5,000 ரூபாய்க்குள் திருடி, பொருளைத் திருப்பிக் கொடுத்தவருக்கும் சமூக சேவையே. விளக்குக்கு ஆடு விட்டவனின் தண்டனை நினைவுக்கு வருகிறது. இந்தப் பிரிவை மாஜிஸ்திரேட்டுகள் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மாறாமல் இருக்கும் இன்னொன்று, அபராதம் கட்ட முடியாதவர் அதற்குப் பதிலாகச் சிறையில் இருக்க வேண்டும் என்ற விதி. ஆயிரம் ரூபாய் இருப்பவருக்கு அது தண்டம், இல்லாதவருக்குச் சிறை. தண்டனைக் காலம் முடிந்தும் அபராதத் தொகைக்காக உள்ளே கிடப்பவர்கள் உண்டு. ஜாமீன் கிடைத்தும் அதற்குப் பணம் கட்ட வழியில்லாமல் கிடப்பவர்கள் அவர்களினும் அதிகம். இவர்களுக்காக 2023இல் ஒன்றிய அரசு ஓர் உதவித் திட்டம் கொண்டுவந்தது. தொடங்கியபோது அது அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை, ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை அரசே கட்டும் என்றது. மாவட்டந்தோறும் அதை முடிவுசெய்யும் குழுவில் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், காவல் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர், நீதிபதி ஒருவர் இருந்தார்கள். பட்டியலில் முதலில் வந்த பெயர் மாவட்டக் கலெக்டர். வரி தண்டிய பதவி ஓர் ஏழையின் தண்டத்தைக் கட்டும் ஏற்பாடு இந்த இருநூறு ஆண்டில் வேறொன்று என் கண்ணில் படவில்லை. சிறையில் இருப்பவரின் குடும்பத்தில் யாராவது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய்க் கேட்கலாம். அங்கே வக்கீலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.